பெயர்மேல் ஒரு சிவப்புக் கோடு

நோயாளிகளின் விவரங்களைப் பதிந்துவைக்கும் அந்த மென்பொருளை மருத்துவமனைக்குக் கொண்டுவந்தவள், கணினிப் பிரிவில் இருந்த அவள்தான். யாரோ எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்திக்கொள்ளுங்கள் என்று உலகத்துக்கே விட்டுவைத்தது. சல்லிக்காசு செலவில்லை. முகத்தைச் சுளித்த பெரிய டாக்டரையே ஒரே மாதத்தில் வாயடைக்க வைத்தாள்.

ஒருநாள் வார்டு சிஸ்டர் வந்தார். "ஏம்மா, யாருக்கு மருந்து ஒத்துக்காதுன்னு பேரைப் பாத்ததுமே தெரிஞ்சா நல்லாருக்கும். உள்ள போய்த் தேட எங்க நேரம் இருக்கு?"

அன்று சாயங்காலமே அப்படிப்பட்ட நோயாளிகளின் பெயர்மேல் சிவப்புக் கோடு ஏறிவிட்டது. சிஸ்டர் அவள் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார். அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

மாற்றியதை எழுதிவைக்க வேண்டும், மென்பொருளை உருவாக்கியவர்களுக்கும் அனுப்ப வேண்டும். அனுப்பியிருந்தால் அடுத்த பதிப்பில் கோடு தானாகவே வந்திருக்கும். இப்படி இலவசமாக விடப்படும் மென்பொருள்களில் வழக்கமே அதுதான், அவளுக்கும் தெரியும். ஆனால் எதற்கெடுத்தாலும் "அந்தப் பொண்ணைக் கூப்பிடு" என்று ஆஸ்பத்திரியே தேடுவதில் ஒரு ருசி இருந்ததே! எழுதிவைத்தால் யார் தேடுவார்கள்? நாளைக்கு ஆகட்டும், நாளைக்கு ஆகட்டும் என்று நான்கு வருடம் ஓட்டினாள்.

பதவி உயர்வு வந்து தலைமை அலுவலகம் போனாள். அவள் இடத்துக்கு வந்தவர், பாவம், முறைப்படி புதிய பதிப்பை ஏற்றினார். கோடு போய்விட்டது. அப்படி ஒன்று இருந்ததே அவருக்குத் தெரியாது. கோடில்லாத பெயரை நம்பி சிஸ்டர் ஊசி போட்டார். நோயாளி பிழைத்ததே பெரும்பாடு.

விசாரணைக்கு அவளையும் அழைத்தார்கள். "ஓசியில வந்தது ஓசி மாதிரிதான் இருக்கும்னு அன்னைக்கே சொன்னேன். கம்பெனிக்காரன்கிட்டயே வாங்கிடலாம்," என்றார் பெரிய டாக்டர். தப்பு அதன்மேல் இல்லை, என்மேல்தான் என்று சொல்ல அவளுக்குத் தொண்டைவரை வந்தது. சொன்னால் வேலைக்கே உலை. எதிரே சிஸ்டர் குற்றவாளிபோலத் தலையைத் தொங்கப்போட்டு விரலைப் பிசைந்துகொண்டிருந்தார். அதைப் பார்த்தும் அவள் வாயைத் திறக்கவில்லை. அந்த வெட்கம் அவளை இன்றுவரை விடவில்லை.

விசாரணை முடிந்து இறங்கும்போது படிக்கட்டில் சிஸ்டர் வழிமறித்தார். "ஏம்மா, கம்பெனிகிட்ட வாங்கப்போற புதுசுலயும் அந்தக் கோட்டைப் போட்டுக் குடுப்பியா?"

"அதுல நாம கை வைக்க முடியாது சிஸ்டர். கம்பெனிக்காரங்க மனசு வச்சாத்தான்."

"சரி, நானே கேஸ் சீட்டுல சிவப்புப் பேனாவால போட்டுக்கறேன்." சிஸ்டர் அவள் தோளைத் தட்டினார். "நீ மட்டும் இங்க இருந்திருந்தா இப்படி ஆயிருக்காதும்மா."