பூங்கா வரைக்கும் வேட்டு

"அந்தக் கடலைப் பொட்டலத்தை இப்பப் பிரிக்காதீங்க. சத்தம் கேட்டா கெளம்பிரும்" என்றாள் என் மனைவி கஸ்தூரி. பொட்டலத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். நகராட்சிப் பூங்காவின் வாகை மரங்களில் சூறைக்குருவிகள் அடைந்துகொண்டிருந்தன. பங்குனி பிறந்தால் அவற்றின் முதுகில் ரோஸ் நிறம் ஏறும். பைனாகுலரை என்னிடம் தந்து, "நல்லா செவந்துருச்சு பாருங்க, இன்னும் கொஞ்ச நாள்தான்" என்றாள்.

மழைக்காலம் முடிந்ததும் மத்திய ஆசியாவிலிருந்து வந்து, நம் சோளக்காடுகளில் தின்று, வெயில் ஏறும்போது வடக்கே திரும்பிப் போகிற பறவைகள் அவை. போவதற்கு முன்பு கூட்டம் கூட்டமாகப் பூங்காவில் அடையும். கஸ்தூரி ஒரு மாலையும் தவறவிட்டதில்லை. கடையை வேலைக்காரப் பையனிடம் விட்டுவிட்டு நானும் துணைக்குப் போவேன்.

மறுநாள் காலையில் குளித்துவிட்டு வந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

பெங்களூரிலிருந்து மகள் பிரவீணா வந்துசேரப் பிற்பகலாகிவிட்டது. பாடைத் தேர் கிளம்பும்போது பொழுது சாயும், சுடுகாட்டுப் பாதை பூங்காவை ஒட்டியது, சரியாகக் குருவிகள் அடைகிற நேரம் என்பதெல்லாம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாசலில் கஸ்தூரியின் அண்ணன் மாரிச்சாமி, தன் ஊர் பாலவனத்தத்திலிருந்து கொண்டுவந்த வேட்டுச் சாக்கைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், இன்னைக்கு வேட்டு வேண்டாம்" என்றேன்.

"ஏன் மாப்ள?"

"பூங்காவுல குருவி அடையிற நேரம்."

அவர் சாக்கைக் கீழே வைத்தார். "குருவிக்கா? எஞ்சோளத்துல பாதி அதுக வயித்துலதான் கெடக்கு. தையில வேட்டுப் போட்டு வெரட்டியே எங்கை காச்சுப் போச்சு. அதுகளுக்காக எந்தங்கச்சி ஊமையாப் போகணுமா? பொறந்த வீட்டுல ஆளில்லாத சாவுன்னு நாளைக்கு ஊரே பேசும்."

பிரவீணா வெளியே வந்தாள். "மாமா, காட்டுல வேட்டுப் போடாதீங்கன்னு அம்மா ஒங்ககிட்ட எத்தன வருஷம் சண்டை போட்டுச்சு?"

"போட்டா. உசுரோட இருக்கையிலயே நான் கேக்கல."

"இப்பக் கேளுங்க."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். தேர் கிளம்பும் நேரத்தில் என் பக்கம் வந்து, "பூங்கா வரைக்கும் போடுவேன். சுடுகாட்டுக்கிட்டப் போயி மிச்சத்தப் போடுவேன். நடுவுல கொட்டும் கெடையாது, வேட்டும் கெடையாது. போதுமா?" என்றார்.

மகன் இல்லாததால் கொள்ளிச்சட்டியை நானே தூக்கினேன். தெருவெல்லாம் வேட்டு அதிர்ந்தது. பூங்கா முனையில் மச்சான் கையைத் தூக்கினார். கொட்டு நின்றது. அப்போதுதான் அந்த இரைச்சல் எல்லோருக்கும் கேட்டது.

"என்னலே அது, மில்லுச் சத்தமா?" என்று பின்னால் யாரோ கேட்டார்கள்.

"மேல பாரு. அம்புட்டும் எஞ்சோளத்தத் தின்ன வாயி" என்றார் மச்சான். "பேசாம வாங்கலே."

சட்டியுடன் நடந்தேன். கொள்ளி தூக்கியவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. பூங்கா பின்னால் போய்விட்டது. சுடுகாட்டு வாசலில் அவர் மிச்சமிருந்த வேட்டு முழுவதையும் ஒரேயடியாகக் கொளுத்தினார். நாங்கள் நினைத்திருந்ததைவிடச் சுடுகாடு பூங்காவுக்குப் பக்கம். குருவிகள் கிளம்பிவிட்டனவா, அடைந்தே இருந்தனவா என்று எனக்குத் தெரியவில்லை. சிதைக்குத் தீ வைக்கும்போதும் அதுதான் மனத்தில் ஓடியது.

கருமாதி முடியும்வரை நான் வீட்டைவிட்டு வெளியே போக முடியாது. யாரிடமும் கேட்கவும் கூச்சமாக இருந்தது. மறுநாள் பொழுது சாய்ந்த பிறகு மச்சான் வந்து எதிரில் உட்கார்ந்தார். சட்டைத் தோளில் எச்சம் வெள்ளையாகக் காய்ந்திருந்தது.

"இருக்கு மாப்ள. ஒரு கெளை பாக்கியில்லாம அடஞ்சிருக்கு."

தினமும் பாலவனத்தத்திலிருந்து பஸ்ஸில் வந்து பூங்காவுக்குப் போய்விட்டுத்தான் என்னிடம் வருவார். "இருக்கு" என்பார். காப்பி குடித்துவிட்டுக் கிளம்புவார். கருமாதி நெருங்கிய ஒரு நாள் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்துவிட்டார்.

"ஒண்ணையும் காணும் மாப்ள. நான் வேட்டு ஒண்ணும் போடல."

"இல்ல மச்சான். அதுக போற நேரம் வந்துருச்சு."

"நாலஞ்சு மைனாதான் கெடந்து கத்துது."

"அது உள்ளூரு. எங்கயும் போகாது" என்றேன்.