மலைமேல் ஒரு ஓட்டு

தேர்தலன்று மதியம் இரண்டு மணிக்கு வெஸ்ட் ஆர்லின் ஊர்மன்றத்துக்குள் நுழைந்த டோரின் லாமரோவுக்குப் பிடிக்காத செய்தி ஒன்று காத்திருந்தது.

வெர்மான்ட் மாநிலத்துச் சிற்றூர்களில், உடம்பு முடியாமல் வாக்குச்சாவடிக்கு வர இயலாதவர்கள் முன்கூட்டி ஒரு போன் போட்டுச் சொன்னால் போதும், வாக்குச்சீட்டு வீடு தேடி வரும். அதைக் கொண்டுபோகிறவர்கள் சமாதான நீதிபதிகள் இரண்டு பேர். ஒருவர் ஒரு கட்சி என்றால் மற்றவர் வேறு கட்சியாக இருக்க வேண்டும். ஒருவரை விட்டுவிட்டு மற்றவர் போகக் கூடாது. சமாதான நீதிபதி என்றதும் பெரிய பதவி என்று நினைத்துவிட வேண்டாம். கல்யாணம் பண்ணிவைப்பது, ஓட்டு எண்ணுவது என்று சில்லறை வேலைகள்தான். டோரின் ஜனநாயகக் கட்சிப் பட்டியலில் பத்து வருஷமாக இருக்கிறாள்.

"ஹாரியட் வரல. முதுகு பிடிச்சுக்கிச்சாம்," என்றாள் ஊர்க் கிளார்க் பெட்டினா. "குடியரசுக் கட்சியில இன்னிக்கு நடமாடற ஆள் ஒருத்தர்தான் மிச்சம்."

அந்த ஒருத்தர் சுவரோரம் நின்று காபி குடித்துக்கொண்டிருந்தார். ஆல்டன் ஃபிஸ்க். அறுபத்தேழு வயது, மரம் வெட்டி ஏற்றும் தொழில். டோரின் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"அவர்கிட்ட சொல்லு பெட்டினா. நான் என் கார்ல போறேன், அவர் பின்னாடி வரட்டும்."

"சீட்டுப் பை ஒண்ணுதானே இருக்கு? கிழிச்சு ஆளுக்குப் பாதி குடுக்கட்டுமா?"

"அவகிட்ட சொல்லு," என்றார் ஆல்டன், இருந்த இடத்திலிருந்து அசையாமல். "மேல ஐஸ் மழை பெய்யுது. அவ கார் கோபர்ன் மேட்டுல ஒரு கஜம் ஏறாது."

"சமாதான நீதிபதிங்களாம்," என்று பெட்டினா பையை மேஜைமேல் தொப்பென்று வைத்தாள். "ரெண்டே வீடு. ஏழு மணிக்குக் கதவைச் சாத்திடுவேன். கிளம்புங்க."

அவர்களுக்குள் பேச்சு நின்று நாலு வருஷம் ஆகிறது. அந்த மார்ச் மாத ஊர்க்கூட்டத்தில், ஊர்ப் பள்ளிக்கூடத்தை மூடிவிடலாமா என்று விவாதம் நடந்தது. டோரின் அங்கே பத்தொன்பது வருஷம் சமையல்காரி. வரி ஏறிக்கொண்டே போகிறது, பிள்ளைகள் குறைந்துகொண்டே வருகிறார்கள் என்று ஆளாளுக்குப் பேசினார்கள். ஆல்டன் எழுந்து, "முப்பத்தோரு பிள்ளைங்களுக்கு சூப் காய்ச்சறதுக்காக ஒரு கட்டடத்தை எத்தனை நாள்தான் கட்டி அழறது?" என்றார். கூடம் முழுக்கச் சிரித்தது. ஆறு ஓட்டு வித்தியாசத்தில் பள்ளிக்கூடம் போயிற்று. ஓட்டில் தோற்றதை டோரின் ஒருவழியாகச் செரித்துக்கொண்டாள். அந்தச் சிரிப்பைத்தான் அவளால் செரிக்க முடியவில்லை. அதன்பின் அவள் மஞ்சள் பஸ் ஓட்டக் கற்றுக்கொண்டு, அதே பிள்ளைகளைப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்குத் தினமும் ஏற்றிப்போகிறாள்.

ஆல்டனின் டிரக்கில் முன்னால் ஒரே நீளச் சீட்டுதான். நடுவில் மேபல் என்ற கிழட்டு நாய் உட்கார்ந்திருந்தது. வாக்குச்சீட்டுப் பை டோரினின் மடியில் இருந்தது. இரண்டு மைல் போயாயிற்று.

"மேபல்," என்றாள் டோரின் கடைசியில். "உன் முதலாளிகிட்ட சொல்லு, வளைவுல வந்து பிரேக்கை மிதிக்கக் கூடாதுன்னு."

"மேபல், அந்தம்மாகிட்ட சொல்லு, நாப்பத்தஞ்சு வருஷமா நான் இந்த ரோட்டுல மரம் ஏத்திட்டு இருக்கேன்னு."

"மரம் வாந்தி எடுக்காது. இருபது பிள்ளைங்களை ஏத்திக்கிட்டு ஓட்டிப் பாக்கச் சொல்லு."

மேபல் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, டோரினின் தொடையில் தலையைச் சாய்த்துக்கொண்டது.

முதல் வீடு திருமதி விட்காமுடையது. மூக்கில் பிராணவாயுக் குழாயும் உதட்டில் சாயமுமாக, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டு தயாராக இருந்தார். "அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க ரெண்டு பேரும்," என்று உத்தரவு போட்டார். சமையலறைச் சுவரைப் பார்த்தபடி, பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கிய பிள்ளைகள் மாதிரி அவர்கள் நாற்பது நிமிஷம் நின்றார்கள். ஒவ்வொரு வட்டத்தையும் திருமதி விட்காம் யோசித்து யோசித்து நிரப்பினார். உறையை ஒட்டிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தபோது மணி நாலாகியிருந்தது.

"அடுத்தது யாரு?" என்று டோரின் முதல்முறையாக நேராகக் கேட்டாள். காகிதம் ஆல்டன் கையில் இருந்தது, அதனால் கேட்க வேண்டியதாயிற்று.

"லைல் கோபர்ன்."

"அவனா? லைல் ஓட்டு போடறானா?"

"நேத்து சாயங்காலம் கடைசி நேரத்துல பெட்டினாவுக்கு போன் பண்ணானாம். அவளும் இப்படித்தான் கேட்டா."

லைல் கோபர்ன் மலை உச்சியில் தனியாக இருக்கிறவன். வயது அறுபத்தொன்று. அரசாங்கம் என்ற சொல்லைக் கேட்டாலே காறித் துப்புவான். சர்க்கரை வியாதி போன குளிர்காலத்தில் அவன் கண்களைக் கொண்டுபோய்விட்டது, காலிலும் ஆறாத புண். மேட்டின் பாதியில் டிரக் சறுக்கி நின்றது. மிச்ச தூரத்தை இருவரும் நடந்தார்கள். ஐஸ் மழை முகத்தில் ஊசியாகக் குத்தியது. வழுக்கின இடத்தில் ஆல்டன் முழங்கையை நீட்டினார். டோரின் அதைப் பார்க்காத மாதிரி வேலிக்கட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"யாரது?" உள்ளேயிருந்து அதட்டல் வந்தது.

"ஓட்டுச்சீட்டு!" என்று கத்தினார் ஆல்டன்.

"ரெண்டு பேரா?"

"ரெண்டு பேர்தான். டோரினும் நானும்."

"நீங்க ரெண்டு பேரும் ஒண்ணா?" லைல் கதவைத் திறந்துகொண்டே சிரித்தான். "எனக்குக் கண்ணு போன நேரம் பாத்து இப்படியெல்லாம் நடக்குது பாரு."

விறகடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். லைல் உலர்த்திய மான்கறியை ஒரு தட்டில் வைத்து நீட்டினான். "தின்னுங்க. தேர்தல் அதிகாரிக்குக் கறி குடுத்தா ஜெயில்ல போடுவானா?" டோரின் சிரித்துவிட்டாள். ஆனால் இருவரும் எடுக்கவில்லை.

"ஏன் லைல், திடீர்னு?" என்று கேட்டார் ஆல்டன். "முப்பது வருஷமா அந்தப் பக்கமே வந்ததில்லையே."

"கண்ணு இருந்தப்போ எப்ப வேணா போலாம்னு இருந்துட்டேன். இப்போ கண்ணு போயிடுச்சு, கோபம் மட்டும் அப்படியே இருக்கு. அதை எங்கயாவது போட வேணாமா? வாசிங்க."

பார்க்க முடியாதவருக்கு இருவரும் சேர்ந்தே உதவ வேண்டும். ஆல்டன் ஜனாதிபதி வேட்பாளர்களின் பெயர்களை மேலிருந்து வரிசையாக வாசித்தார். ஒரு பெயரையும் அழுத்தவில்லை, ஒன்றையும் விழுங்கவில்லை. யாரும் கேள்விப்படாத சின்னக் கட்சிக்காரர்களையும் அதே குரலில் வாசித்தார். டோரின் அதைக் கவனித்தாள். பேனா அவள் கையில் இருந்தது.

லைல் ஒரு பெயர் சொன்னான்.

அது யார் பெயர் என்று டோரின் இன்றுவரை எவரிடமும் சொன்னதில்லை. அதனால் இங்கேயும் அது இல்லை. அவள் கையிலிருந்த பேனா ஒரு நொடி நின்றது என்பதை மட்டும் சொல்லலாம். பிறகு அந்தப் பெயருக்கு எதிரே இருந்த வட்டத்தை விளிம்பு தாண்டாமல் முழுக்கக் கறுப்பாக்கினாள்.

"மிச்சமெல்லாம் வேணாம்," என்றான் லைல். "கடைசியில ஊர் சமாதான நீதிபதிங்க பேரு வரும்ல, அதுல நீங்க ரெண்டு பேரும் இருக்கீங்களா?"

"இருக்கோம்."

"ரெண்டு பேருக்கும் போடு. இந்த ஐஸ்ல மலையேறி வந்திருக்கீங்க."

அதையும் போட்டாள். உறையை எடுக்கப் போனபோது லைல் கையை உயர்த்தினான்.

"இரு இரு. நீ யாருக்குப் போட்டேன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"நான் பக்கத்துல உக்காந்து பாத்தேன் லைல்," என்றார் ஆல்டன்.

"நீ பாத்த. நான் பாக்கலையே. டோரின், நீ வெளிய போ. அவன் வாசிக்கட்டும். அப்புறம் அவன் வெளிய போகட்டும், நீ வாசி. ரெண்டும் ஒண்ணா இருந்தாத்தான் உறைக்குள்ள போகும்."

டோரின் தொப்பியை இழுத்துக்கொண்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். இருட்டிக்கொண்டு வந்தது. ஊசியிலை மரங்களில் ஐஸ் மழை சரசரத்தது. கீழே, பாதி மேட்டில், டிரக்குக்குள்ளிருந்து மேபல் ஒருமுறை குரைத்தது. உள்ளே ஆல்டன் என்ன வாசிக்கிறார் என்று காதில் விழவில்லை. ஒரு வார்த்தையை மாற்றிச் சொன்னால் போதும், பழி அவள் தலையில்தான் விழும். கண் தெரியாதவன் ஓட்டைத் திருடியவள் என்று ஊர் பேசும். இப்படி ஒரு வழி இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் பயம் வரவில்லை. கொஞ்சம் தேடிக்கூடப் பார்த்தாள். நாலு வருஷமாக முகம் பார்க்காத மனுஷன், கூட்டத்தில் தன்னைச் சிரிப்புக்கு ஆளாக்கினவர். ஆனால் இருப்பதை இருக்கிறபடியே வாசிப்பார் என்பதில் அவளுக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது.

கதவு திறந்தது. ஆல்டன் வெளியே வந்தார், அவள் உள்ளே போனாள். மூன்று பெயர்களையும் வாசித்தாள்.

 லைல் தொடையில் அறைந்துகொண்டு, "ஆல்டன், உள்ள வா!" என்று கூப்பிட்டான். "ரெண்டு கட்சிக்காரனும் ஒரே விஷயத்தை ஒரே மாதிரி சொல்லி என் ஆயுசுல இன்னிக்குத்தான் கேட்டேன். இதுக்காகவே ஓட்டு போடலாம்போல இருக்கே!"

டோரின் அவன் விரலைப் பிடித்து உறைமேல் வைக்க, கோணல் மாணலாகக் கையெழுத்துப் போட்டான். அவர்கள் படியிறங்கும்போது, "ரெண்டு வருஷம் கழிச்சு வருவீங்கல்ல?" என்று பின்னாலிருந்து கேட்டான்.

"நீ இருந்தா வருவோம்," என்றார் ஆல்டன்.

"நான் இருப்பேன். நீங்க ரெண்டு பேரும் அதுக்குள்ள அடிச்சுக்கிட்டுச் சாகாம இருங்க."

டிரக்கைத் திருப்பும்போது பின்சக்கரம் ஓரத்துச் சகதியில் இறங்கிவிட்டது. ஆல்டன் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க அது இன்னும் ஆழமாகப் போயிற்று. மணி ஐந்தே முக்கால். போனில் ஒரு கோடுகூட சிக்னல் இல்லை. பையோடு ஒருவரைத் தனியாக விட்டுவிட்டு மற்றவர் உதவி தேடிப் போவதும் நடக்காது. அவர் ஸ்டியரிங்மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு இறங்கி வந்து அவள் பக்கத்துக் கதவைத் திறந்தார்.

"நீ ஓட்டு. நான் தள்ளறேன்."

"நாப்பத்தஞ்சு வருஷம்னு யாரோ சொன்னாங்க."

"டோரின், கெஞ்சணுமா? சரி, கெஞ்சறேன்."

இருவருமாக ஊசியிலைக் கிளைகளை ஒடித்துச் சக்கரத்துக்கு அடியில் திணித்தார்கள். டோரின் இரண்டாவது கியரைப் போட்டு, ஆக்சிலேட்டரைத் தொட்டும் தொடாமலும் வண்டியை முன்னும் பின்னும் ஊஞ்சல் மாதிரி ஆட்டினாள். நாலாவது ஆட்டத்தில் வண்டி மேலேறியது. தலை முதல் கால் வரை சகதியோடு ஆல்டன் ஏறி உட்கார்ந்தார். மேபல் அவரை மோந்துவிட்டு டோரின் பக்கம் நகர்ந்துகொண்டது.

வண்டி கீழே தார்ரோட்டுக்கு வந்தது.

"அன்னிக்குக் கூட்டத்துல..." என்று ஆல்டன் ஆரம்பித்தார். "உன்னைச் சொல்லணும்னு சொல்லல."

"அங்க சூப் காய்ச்சினது நான் ஒருத்திதான் ஆல்டன்."

"தெரியும். சொல்லி முடிச்சப்புறம்தான் உறைச்சுது. எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு அது பிடிச்சிருந்தது. அதனால வாயை மூடிக்கிட்டேன்." துடைப்பான் கண்ணாடியில் போய் வந்தது. "இன்னிக்கு அதே ஓட்டு வந்தாலும் மூடுன்னுதான் போடுவேன். அதை மாத்திக்க மாட்டேன். ஆனா அந்த வார்த்தை தப்பு. மன்னிச்சுக்க."

 டோரின் வளைவு ஒன்றைப் பிரேக் மிதிக்காமல் தாண்டினாள்.

"நானும் திறந்தே வைன்னுதான் போடுவேன்."

"போடு. வேணாம்னு யார் சொன்னா?"

"இந்த மாநிலத்துல ஜனாதிபதி ஓட்டுல உங்க ஆள் தோத்துக்கிட்டே இருக்காரு. நீங்க பாட்டுக்கு வருஷா வருஷம் வந்து எண்ணிட்டு இருக்கீங்க. அலுக்கலையா?"

"தோத்தா சரியாத் தோக்கணும்ல," என்றார் ஆல்டன். "எண்ணறப்போ நானும் இருந்தேன்னா, ராத்திரி தூக்கம் வருது."

டோரின் தலையாட்டினாள். அவர் சொன்னதில் மறுக்க ஒன்றுமில்லை.

ஏழுக்குப் பன்னிரண்டு நிமிஷம் இருக்கையில் ஊர்மன்றத்து வாசலில் போய் நின்றார்கள். பெட்டினா சகதி மனுஷனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தள்ளிவிட்டாளா?" என்று கேட்டாள்.

"தள்ளினது நான்," என்றார் ஆல்டன்.

இரண்டு உறைகளும் பெயர் சரிபார்க்கப்பட்டு, பிரிக்கப்பட்டு, பழைய மரப்பெட்டிக்குள் போயின. ஏழு மணிக்கு பெட்டினா கதவைச் சாத்தினாள். அவ்வருஷம் முந்நூற்று நாற்பது பேர் ஓட்டுப் போட்டிருந்தார்கள். அந்த ஊரில் அதுவரை அவ்வளவு பேர் போட்டதில்லை.

எண்ணுவதற்கும் இரண்டு கட்சி ஆட்கள் ஒரு மேஜையில் உட்கார வேண்டும். யார் யாரோடு என்று பெட்டினா கேட்பதற்குள் டோரின் ஒரு நாற்காலியை இழுத்து, அதன்மேல் பழைய செய்தித்தாளை விரித்தாள். "சகதியோட உக்காராதீங்க," என்றாள். ஆல்டன் உட்கார்ந்தார். ஐம்பது சீட்டு கொண்ட ஒரு கட்டு அவர்களுக்கு வந்தது. ஒருவர் வாசிக்க மற்றவர் கோடு போட்டு, பிறகு மாற்றிச் செய்தார்கள். கூட்டிப் பார்த்தால் ஒரு ஓட்டு இடித்தது.

"உன்னுதுதான் தப்பு," என்றார் ஆல்டன்.

"என்னுது சரி. நீங்கதான் முப்பத்தெட்டுல தும்மினீங்க."

"தும்மினா கோடு அழிஞ்சிடுமா?"

"கோடு போட மறந்துடும்."

பக்கத்து மேஜைக்காரர்கள் தலை நிமிர்ந்து பார்த்தார்கள். டோரின் கட்டை அவிழ்த்து, ஐம்பது சீட்டையும் தட்டி ஒழுங்காக்கி அவர் முன்னால் வைத்தாள். ஆல்டன் மூக்குக்கண்ணாடியைச் சட்டையில் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"முதல்லேருந்து வாசிங்க," என்றாள். "மெதுவா."