ஆறாவது சட்டை

கலியாணசுந்தரம் ஆர்மோனியத்தின் முதல் கறுப்புக் கட்டையை அழுத்திக்கொண்டு காத்திருந்தார். ஆறு வருஷமாக ஒத்திகை அப்படித்தான் தொடங்கும். அவர் சுருதி கொடுப்பார், மற்றவர்கள் கித்தாரின் திருகாணியைத் திருகி அதற்குச் சேர்த்துக்கொள்வார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒருவரும் திருகாணியைத் தொடவில்லை.

"சேத்தாச்சுண்ணே," என்றான் தம்பிராஜா. காஜா பெராங் தெருவில் ரேடியோ பழுது பார்க்கிறவன். அவன் கடையின் பின்னறையில்தான் ஒத்திகை. "ரெக்கார்டப் போட்டு அதுக்கே சேத்துட்டோம்."

"நான் வர்றதுக்கு முன்னாலயேவா?"

தம்பிராஜா குனிந்து ஒயரைச் சரிசெய்தான்.

மெர்டேக்கா, நாட்டுக்குச் சுதந்திரம், கிடைத்த வருஷம் ஜாலான் பெண்டஹாராவில் ஒரு துணிக்கடைக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் தொடங்கிய குழு அது. ஆர்மோனியம், பிடில், தபேலா, ஒரு மரக் கித்தார். ரப்பர் கடையில் கணக்கெழுதும் கிராணியான கலியாணசுந்தரம்தான் ஆட்களைச் சேர்த்து, சரஸ்வதி இன்னிசைக் குழு என்று பெயரும் வைத்தார். பிடில்காரர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனதும் அந்த இடத்தில் இன்னும் இரண்டு கித்தார் வந்தன. தம்பிராஜா பழைய ரேடியோவைப் பிரித்து ஒலிபெருக்கி செய்தான். சேதுராமன் தபேலாவை உறை போட்டு வைத்துவிட்டு டிரம் வாங்கினான். போன வருஷம் பெயரும் 'அயர்ன் பாய்ஸ்' ஆகிவிட்டது. ஒவ்வொன்றுக்கும் தலையாட்டியவர் அவர்தான். ஒலிபெருக்கியில் கித்தார் போடும், தகரக் கூரைமேல் சங்கிலியை இழுத்த மாதிரியான அந்தச் சத்தம் அவருக்குப் பிடித்தும் இருந்தது. கஷ்டமே அதில்தான்.

பாட்டு தொடங்கியது. இரண்டாவது அடியிலேயே தெரிந்துவிட்டது. அவருடைய ஆர்மோனியப் பெட்டியின் சுருதி ஒரு மயிரிழை மேலே நின்றது. கம்பியைத் தளர்த்தலாம், பெட்டிக்குள் இருக்கும் பித்தளை நாக்கை என்ன செய்வது? பாலில் எலுமிச்சை விழுந்தது போல எல்லாம் திரிந்தது. அவர் கையை எடுத்துக்கொண்டார். பாட்டு நிற்கவில்லை. வீட்டில் மலாய் பேசுகிற, தமிழ் வரிகளை ரூமியில், ஆங்கில எழுத்தில், எழுதி மனப்பாடம் செய்கிற செட்டி கம்பத்துச் சங்கரன் கண்ணை மூடி உருகிக்கொண்டிருந்தான். அவர் விலகியதும் பாட்டு தெளிந்ததை அவர் காதே சொன்னது.

முடிந்ததும் தம்பிராஜா தாளைக் கொண்டுவந்து வைத்தான். "ரேடியோவுல வாசிக்கத் தேர்வு வைக்கிறாங்க, லெட்டர் போடணும்ணே. உங்க கையெழுத்துத்தான் முத்து முத்தா இருக்கும்."

அந்தத் தேர்வுக்கென்றே அவர் மனைவி சிவகாமி ஒரு வாரமாக ஆறு கறுப்புச் சட்டைகள் தைத்துக்கொண்டிருந்தாள். கலியாணசுந்தரம் தேதி போட்டார், விலாசம் எழுதினார். தம்பிராஜா பெயர்களைச் சொன்னான். சங்கரன், பாட்டு. தம்பிராஜா, கித்தார். சேதுராமன், டிரம். சேதுராமனின் தம்பிகள் இருவர், கித்தார். ஐந்தாவது பெயருக்குப் பிறகு அவர் ஆறு என்று எண் போட்டுவிட்டு, பேனாவைத் தாளுக்கு மேலே பிடித்தபடி காத்திருந்தார்.

"அவ்வளவுதாண்ணே."

"அண்ணன்தான் நமக்கு மேனேஜர் லா," என்றான் சேதுராமன். "மேனேஜருக்குப் பொட்டி எதுக்கு?" அவன் தம்பிகளில் ஒருவன் சிரித்து, பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"அபாங், ஜாங்கான் மாரா லா," சங்கரன் அவர் தோளைத் தொட்டு, கோபப்பட வேண்டாமென்று மலாயில் கெஞ்சினான்.

"கோவமெல்லாம் இல்லடா," என்றார். ஆறு என்று எழுதிய தாளைக் கிழித்துவிட்டு, புதுத் தாளில் தேதியிலிருந்து மறுபடி எழுதினார். ஒரு அடித்தல் இல்லை.

பெட்டியைச் சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்து அவர் வீட்டுக்குள் இறக்கிய சத்தம் கேட்டு சிவகாமி தையல் மிஷினிலிருந்து எழுந்து வந்தாள்.

"மத்ததெல்லாம் முடிச்சிட்டேன். உங்களுது ஒண்ணுதான் பாக்கி. போட்டுப் பாருங்க."

அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் அவள் சட்டையை மாட்டிவிட்டிருந்தாள். கழுத்துவரை பொத்தான் போட்டாள்.

"அக்குள்ல பிடிக்குதா? வாசிக்கிற மாதிரி கைய வைங்க, பாப்போம்."

அவர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். வலது கை விரல்கள் காற்றில் விரிந்தன. சிவகாமி குண்டூசிகளை உதட்டில் கடித்தபடி பக்கத்தில் மண்டியிட்டு, தோள்பட்டைத் துணியை மடித்துக் குத்தினாள்.

"ஆடாம இருங்க," என்றாள் பல்லிடுக்கில்.

அவருடைய இடது கை, இல்லாத துருத்தியை மெல்ல அழுத்தியும் விட்டும் கொண்டிருந்தது.