லியோனிலாவின் வலது கால்

ஹாங்காங்கில் விமானத்தை விட்டு இறங்கிய நாள் முதல் இருபத்து மூன்று வருடங்கள் லியோனிலாவின் பாதங்கள் தரைக்கு நாலு விரற்கடை மேலேயே இருந்தன. பிலிப்பைன்ஸிலிருந்து வீட்டு வேலைக்கு வந்த எங்கள் எல்லோருக்கும் அப்படித்தான். எசமானிகளுக்கு அதில் வருத்தமில்லை. துடைத்த தரை துடைத்தபடி இருக்கும். ஞாயிற்றுக்கிழமை சாட்டர் சாலையில் அட்டைப்பெட்டிகளைப் பிரித்து விரித்து உட்காரும்போது மட்டும் உடம்பில் கனம் வரும். சாப்பாடும் அரட்டையும் முடிந்து அட்டையை மடித்தால் மறுபடி எழும்பிவிடுவோம். வங்கிக்காரரோ ஆங்கில வாத்தியாரோ ஏழு வருடம் இருந்தால் நிரந்தரமாகக் குடியிருக்கும் உரிமையைக் கேட்கலாம். எங்களைச் சட்டம் ஒரே வரியில் ஒதுக்கியிருந்தது. வேலை போனால் பதினான்கு நாளில் மூட்டை கட்ட வேண்டும். அந்தப் பதினான்கு நாள் பயம் இல்லாமல் ஒரு தடவையாவது தூங்கி எழ வேண்டும் என்பதுதான் லியோனிலாவின் ஆசை.

2011 செப்டம்பர் கடைசி வெள்ளிக்கிழமை, எங்களில் ஒருத்தி போட்ட வழக்கில், அந்த வரி செல்லாது என்றது உயர் நீதிமன்றம். வானொலி அதைச் சொன்னபோது லியோனிலா குவோக் அம்மாள் வீட்டுக் கூடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தொப்பென்று இறங்கினாள். ஈரத் தரை முழுக்கக் காலடி.

"யாரு இப்படி நடந்தது?" என்றாள் குவோக் அம்மாள்.

"நான்தான் மேடம்."

அந்த ஞாயிறு சாட்டர் சாலையில் எங்கள் கூட்டத்துக் கிளாரிதா விடவில்லை. "மனாங், தரை எப்படி இருக்கு?" மனாங் என்றால் எங்களுக்கு அக்கா.

"குளிருது. இத்தனை வருஷம் துடைச்ச தரை, இம்புட்டுக் குளிரும்னு இப்பத்தான் தெரியுது."

திங்கட்கிழமையே விண்ணப்பம் கொடுத்தாள். அரசு மேல்முறையீடு செய்தது. 2013 மார்ச்சில் இறுதி மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வரி செல்லும் என்று முடித்துவைத்தது: ஒப்பந்தம் முடிந்ததும் ஊருக்குத் திரும்ப வேண்டும் என்ற நிபந்தனையில் வந்தவர்கள் இவர்கள், மற்றவர்கள் குடியிருப்பதுபோல் குடியிருப்பவர்கள் அல்லர். அந்த ஆத்திரம் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. லியோனிலா சாயங்காலத்துக்குள் எழும்பிவிட்டாள். குளிர்பெட்டி பக்கத்தில் வலது காலடி ஒன்று மட்டும் காயவில்லை. ப்ளீச் போட்டார்கள். அந்த டைலைப் பெயர்த்துப் புதிது பதித்தார்கள். மறுநாள் காலை புது டைலில் அதே ஐந்து விரல்.

அடுத்த வருடம் குவோக் குடும்பம் மகள் படிப்புக்காகக் கனடா கிளம்பியது.

"அங்க கொஞ்ச வருஷம் இருந்தா நிரந்தரமாவே தங்கிக்கலாமாம், லியோ." குவோக் அம்மாள் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"நல்லது மேடம். கம்பளி சாக்ஸ் எடுத்து வெச்சிருக்கேன். அங்க தரையில நடப்பீங்கல்ல, குளிரும்."

வேலை போன பதினான்காம் நாள் லியோனிலா ஊருக்கு விமானம் ஏறினாள். அந்த வீட்டில் இப்போது வேறு குடும்பம். வேலைக்குப் பிலிப்பைன்ஸின் இலோய்லோவிலிருந்து ஒரு பெண் வந்திருக்கிறாள், நாலு விரற்கடை உயரத்தில். முதல் நாள் அந்த ஈரக் காலடியை அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தவளைப் பார்த்து எசமானி சொன்னாளாம்:

"அது இங்கயேதான் இருக்கும். சுத்தித் தொடை."

அவளும் சுற்றித்தான் துடைக்கிறாள்.