முகத்துக்கு என்ன போடுறீங்க?

என் தங்கை செருப்புக் கடையில் வேலை பார்க்கிறாள். ஒரு நாளைக்கு ஐம்பது பேருடைய காலைப் பிடித்து அளவு பார்த்து மாட்டிவிடுகிறவள், ஒரு திங்கட்கிழமை காலையில் எனக்குப் போன் செய்து, தன் காலுக்குத் தன் செருப்பே நுழையவில்லை என்றாள்.

நான் அப்போது பார்லரில் ஒரு டீச்சருக்குக் கையில் முடி எடுக்க வேக்ஸ் தடவிக்கொண்டிருந்தேன். போன் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இருந்தது.

"வெயிட் போட்டிருப்பேடி. டிவி பாத்துக்கிட்டே பிஸ்கட் பாக்கெட்டைக் காலி பண்ணினா வேற எங்க போகும்?"

"இல்லக்கா, இது வேற மாதிரி இருக்கு. விரலால அமுக்கினா குழி விழுது. விழுந்த குழி அப்படியே நிக்குது."

நான் வேக்ஸ் துணியை இழுத்த இழுப்பில் டீச்சர் "அம்மா!" என்று அலறினார். அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே, சாயங்காலம் டாக்டரிடம் போகலாம், தயாராக இரு என்று தங்கையிடம் சொல்லி வைத்தேன். அப்போதும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

பக்கத்துத் தெரு டாக்டர் ரத்தமும் சிறுநீரும் எடுக்கச் சொன்னார். ரிப்போர்ட்டைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. உடனே கிட்னி டாக்டரைப் பாருங்கள் என்று சீட்டு எழுதிக் கையில் கொடுத்தார். கிட்னியா! கால் வீக்கத்துக்கும் கிட்னிக்கும் என்ன சம்பந்தம் என்று வழியெல்லாம் நான்தான் கத்திக்கொண்டு வந்தேன்.

கிட்னி டாக்டர் என்னைவிடப் பத்து வயது சின்னப் பெண். புருவத்தில் நூல் பட்டே வருஷக்கணக்கில் ஆகியிருக்கும். யாரைப் பார்த்தாலும் முதலில் புருவம்தான் என் கண்ணில் படும், தொழில் புத்தி. அவர் சுகர் இருக்கிறதா என்று கேட்டார், வலி மாத்திரை சாப்பிடுவீர்களா என்று கேட்டார், நாட்டு மருந்து ஏதாவது உண்டா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் தங்கை இல்லை இல்லை என்று தலையாட்டினாள். டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். எனக்கு உள்ளுக்குள் பெருமை. கடைக்கு வருகிறவர்கள் செருப்பை விட்டுவிட்டுப் பார்க்கிற முகம் அது.

"முகத்துக்கு என்ன போடுறீங்க?"

அவளைக் கேட்ட கேள்விக்கு நான் முந்திக்கொண்டு பதில் சொன்னேன். "நான் பார்லர் வெச்சிருக்கேன் டாக்டர். எல்லாம் நம்ம சொந்தத் தயாரிப்பு. கடையில வாங்கற கெமிக்கல் எதுவும் கிடையாது. உங்களுக்கு வேணும்னாலும் ஒரு டப்பா கொண்டு வர்றேன், கண்ணுக்குக் கீழ இருக்கற கருப்பு பத்தே நாள்ல போயிடும்."

"கொண்டு வாங்க," என்றார் டாக்டர். "எனக்கு இல்ல. லேபுக்கு அனுப்பணும்."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. உன் லேபும் ஆச்சு, உன் புருவமும் ஆச்சு என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே, மறுநாள் ஒரு டப்பாவை மேஜையில் டக்கென்று வைத்துவிட்டு வந்தேன்.

அந்த கிரீமைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பார்லரில் அதற்குப் பெயர் 'ஸ்பெஷல்'. கற்றாழை ஜெல், வைட்டமின் மாத்திரையைக் குத்திப் பிழிந்த எண்ணெய், மூன்று சொட்டு ரோஜா எசென்ஸ். இவற்றோடு, ஏரியா பார்லர்களுக்கெல்லாம் சாமான் போடுகிற ஒரு அம்மா கொண்டுவரும் வெள்ளை கிரீம். அது லேபிள் இல்லாத பெரிய ஜாடியில் வரும். வெளிநாட்டுச் சரக்கு, லேபிள் ஒட்டினால் வரி போடுவான் என்றார் அந்த அம்மா. நானும் மண்டையை மண்டையை ஆட்டினேன். நாலையும் கலந்து சின்ன டப்பாக்களில் அடைத்தால் ஸ்பெஷல். இரண்டே வாரத்தில் ஆள் பளிச்சென்று ஆகிவிடுவாள். ஏழு வருஷமாக என் பார்லர் ஓடியதே அதனால்தான்.

ஆனால் நான் கண்மூடித்தனமாக விற்கிறவள் இல்லை. புது ஜாடி வந்தால் சோதித்துப் பார்க்காமல் ஒரு கஸ்டமருக்கும் தொட்டு வைக்க மாட்டேன். என் சோதனை என் தங்கைதான். சின்ன வயசிலிருந்தே அவளுக்குக் குழந்தைத் தோல், சோப்பு மாறினால்கூடத் தடித்துவிடும். அவளுக்கு ஒத்துக்கொண்டால் ஊருக்கே ஒத்துக்கொள்ளும் என்பது என் கணக்கு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் வருவாள், நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்து நானே தடவிவிடுவேன். செவ்வாய்க்கிழமை போன் செய்து, எரிச்சல் இருக்கா, அரிப்பு இருக்கா என்று கேட்பேன். ஒண்ணுமில்லக்கா என்பாள். ஏழு வருஷமும் அதே பதில்தான்.

வீட்டில் அவளைக் 'கருப்பி' என்றுதான் கூப்பிடுவோம். பெயர் வைத்தது நான். செல்லப் பெயர்தான், அதில் ஒன்றும் கெட்ட எண்ணம் கிடையாது. ஸ்பெஷல் போட ஆரம்பித்த பிறகு அந்தப் பெயர் தானாகப் போய்விட்டது. பார்லர் கண்ணாடிக்கு மேலே அவளுடைய இரண்டு படங்களைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தேன். ஒன்றின் கீழே 'முன்', இன்னொன்றின் கீழே 'பின்'. வருகிறவர்கள் இரண்டும் ஒரே ஆளா என்று வாயைப் பிளப்பார்கள். நான் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு நிற்பேன்.

பதினைந்து நாள் கழித்து லேப் ரிப்போர்ட் வந்தது. டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரச் சொன்னார்.

"இதுல பாதரசம் இருக்கு."

"பாதரசம்னா?"

"பழைய தெர்மாமீட்டர்ல வெள்ளியா ஓடுமே, அது. இருக்கலாம்னு விட்ட அளவைவிடப் பல ஆயிரம் மடங்கு இருக்கு. உங்க தங்கச்சி ரத்தத்துலயும் இருக்கு. அதான் கிட்னியைக் கெடுத்திருக்கு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இல்லை, லேபில் யாரோ டப்பாவை மாற்றிவிட்டார்கள் என்றேன். கத்தாழை, டாக்டர், வெறும் கத்தாழை என்றேன். என்னென்னவோ உளறினேன். டாக்டர் குரலை உயர்த்தவே இல்லை. "இதோட நிறுத்தினா பெரும்பாலும் சரியாயிடும். நிறுத்தலைன்னா டயாலிசிஸ் வரைக்கும் போகும்," என்றார். மிச்சம் இருக்கிற டப்பாக்களைக் குப்பையில் போடக் கூடாது, ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும் என்றும் சொன்னார். தங்கை தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். கால் வீங்கின அவள்தான் என் முதுகைத் தடவிக்கொடுத்தாள். "நீ தெரிஞ்சா செஞ்ச? விடுக்கா," என்றாள். எனக்கு இன்னும் அழுகை கூடிப்போனது.

அந்த வாரம் நான் பார்லரைத் திறக்கவில்லை. சாமான் போடுகிற அம்மாவுக்குப் போன் செய்தால், அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை என்று வந்தது. ஸ்பெஷல் வாங்கின கஸ்டமர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். அதில் விஷம் இருக்கு, போடாதீங்க, யூரின் டெஸ்ட் எடுங்க என்று சொல்லச் சொல்ல எனக்கே வாய் குழறியது. சிலர் திட்டினார்கள். திட்டினவர்களுக்குக் கும்பிடு போட்டேன். சிலர் பேசாமல் வைத்துவிட்டார்கள். நிச்சயம் ஆகியிருந்த ஒரு பெண் என்ன சொன்னாள் தெரியுமா? "கல்யாணத்துக்கு ரெண்டு மாசம்தான் அக்கா இருக்கு. அது வரைக்கும் ஒரு டப்பா மட்டும் குடுங்களேன். அப்புறம் சத்தியமா விட்டுடறேன்." அவள் அம்மாவை லைனில் வரச்சொல்லி எல்லாவற்றையும் உடைத்துச் சொன்னேன்.

பார்லரைச் சுத்தம் செய்யத் தங்கை வந்தாள். வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. கண்ணாடிக்கு மேலே இருந்த படங்களைக் கழற்றி அலமாரிக்குப் பின்னால் தள்ளினேன். மிச்சம் இருந்த டப்பாக்களையும் பாதி ஜாடியையும் பையில் போட்டுக் கட்டினேன். "நாளைக்கு ரத்த டெஸ்டுக்கு ஆஸ்பத்திரிக்குத்தானே போறேன், நானே ஒப்படைச்சிடறேன்," என்று அவளே வாங்கிக்கொண்டு போனாள்.

ஒரு மாதம் கழித்து மறுபடியும் டெஸ்ட். குறைந்திருக்கும் என்று நான் நம்பி இருந்தேன். கூடியிருந்தது! ரத்தத்தில் பாதரசம் கூடியிருந்தது, காலில் வீக்கம் முழங்காலுக்கு ஏறியிருந்தது. டாக்டரே குழம்பிப்போனார். வீட்டில் வேறு எதிலாவது இருக்கிறதா, தலையணை உறை, துண்டு எல்லாவற்றையும் மாற்றுங்கள் என்றார். நான் லேபுக்குப் போய் அங்கே இருந்தவரைப் பிடித்து உலுக்காத குறை. ஒழுங்காப் பாக்கத் தெரியாதா, என் தங்கச்சி உசுருங்க அது என்று கத்தினேன். அவர் பாவம், தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார்.

அங்கிருந்து நேராகத் தங்கை வீட்டுக்குப் போனேன். மாப்பிள்ளை வேலைக்குப் போயிருந்தார். அவள் ஜன்னல் பக்கம் காலை ஸ்டூலில் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தாள். பார்த்த மாத்திரத்தில் என்னால் தாங்க முடியவில்லை. போய் அவளைக் கட்டிக்கொண்டேன். என் கன்னம் அவள் கன்னத்தில் பட்டது.

ரோஜா வாசனை.

மூன்று சொட்டு. ஏழு வருஷம் என் கையால் எண்ணி விட்ட சொட்டு, எனக்குத் தெரியாதா? முகத்தைப் பின்னால் இழுத்து அவளைப் பார்த்தேன். பேயறைந்த மாதிரி ஆகிவிட்டேன்.

"என்னடி இது?"

அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"என்னடி இதுன்னு கேக்கறேன்! ஆஸ்பத்திரில குடுத்தியா இல்லையா?"

"குடுத்தேன்," என்றாள். "ரெண்டு டப்பா மட்டும் எடுத்துக்கிட்டேன்."

"பைத்தியமாடி உனக்கு? செத்துப்போவ! டாக்டர் சொன்னது காதுல விழலையா?"

"விழுந்துச்சு. நிறுத்தினேன்க்கா. நாலே நாள் நிறுத்தினேன். பழைய முகம் திரும்பி வர ஆரம்பிச்சிடுச்சு. நெத்தியில, வாயைச் சுத்தி. கடையில இருக்கற பொண்ணு, உடம்பு சரியில்லையான்னு கேட்டா. கால் வீங்கினப்பக்கூட ஒருத்தரும் அப்படிக் கேக்கல."

"அதுக்காக விஷத்தைப் பூசிக்குவியா?"

"இப்ப என்ன புதுசா? முதல் நாளே எரிஞ்சுது."

நான் கேட்டது சரிதானா என்று எனக்குச் சந்தேகமாகிவிட்டது. "என்ன சொன்ன?"

"முதல் தடவை நீ தடவினப்பவே எரிஞ்சுது. ஒவ்வொரு ஜாடிக்கும் எரிஞ்சுது. ஒண்ணுமில்லன்னு சொன்னேன். எரியுதுன்னு சொன்னா நீ நிறுத்திடுவியே."

அம்மாடி! ஏழு வருஷம்! அந்த ஒண்ணுமில்லையை நம்பி ஊருக்கெல்லாம் விற்றிருக்கிறேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஒண்ணு கேக்கவாக்கா?" என்றாள் தங்கை. அவள் குரலில் கோபம் இல்லை. "நீ ஏன் ஒரு நாளும் இதைப் போட்டுக்கல?"

"எனக்கு எதுக்குடி..." என்று ஆரம்பித்தவள், பாதியில் நிறுத்தினேன்.

பிறக்கும்போதே நான் வெளுப்பு. அவள் கருப்பு. எனக்கு வேண்டியதில்லை, அவளுக்கு வேண்டும் என்று முடிவு செய்தவள் யார்? அம்மா செய்யவில்லை, மாப்பிள்ளை செய்யவில்லை. அவர் அவளைப் பார்த்துப் பிடித்துத்தான் கட்டிக்கொண்டார், அப்போது ஸ்பெஷலே கிடையாது. நான்தான். பெயர் வைத்ததும் நான், பூசிவிட்டதும் நான்.

"டப்பா எங்க?" என்றேன்.

அவள் மேஜை இழுப்பறையைக் காட்டினாள். எடுத்துத் திறந்தேன். பாதி இருந்தது. மூன்று விரலால் வழித்து எடுத்து என் நெற்றியிலும் கன்னத்திலும் அப்பினேன். ஏன் செய்தேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. அவள் எழுந்த வேகம்! வீங்கின காலோடு ஸ்டூலை உதைத்துத் தள்ளிவிட்டு வந்து என் கையில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். டப்பா தெறித்து விழுந்தது.

"லூசா நீ? கிட்னி போயிடும்! கழுவு! எழுந்திரு, கழுவுக்கா!"

அவள் புடவைத் தலைப்பால் என் முகத்தைத் தேய்த்தாள், அழுதாள், திட்டினாள். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டென்று அவள் கை நின்றது. தான் சொன்னது தன் காதிலேயே விழுந்திருக்க வேண்டும்.

கையைப் பிடித்துக் குழாயடிக்கு அழைத்துப் போனேன். சோப்பை நுரைத்து முதலில் என் முகத்தைக் கழுவினாள். பிறகு நான் அவள் முகத்தில் கை வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டாள், ஆனால் தடுக்கவில்லை.