விக்கெட் கீப்பருக்குப் பொட்டு

எல்லப்பன் ஆட்டை விற்றுச் சீட்டு வாங்கியதைக் கேட்டு உத்திரமேரூரே வயிறு வலிக்கச் சிரித்தது. சூதாடுகிற சீட்டு என்று நினைத்துவிடாதீர்கள். பெப்பர்மிண்ட் பொட்டலத்துக்குள் கிரிக்கெட் ஆட்டக்காரர் படம் போட்டு ஓர் அட்டை வருமே, அது. வாலாஜாபாத்துக்கு மூட்டை தூக்கப் போகிற இடத்தில் எல்லப்பன் அதை அரையணாவுக்கு வாங்குவான். உள்ளூர் ரைஸ்மில் முதலாளி ஏகாம்பரம் ரேடியோவில் கமெண்டரி கேட்டே கிரிக்கெட் பைத்தியம் ஆனவர். அழுக்குப் படாத அட்டைக்கு நாலு மடங்கு கொடுப்பார். மட்டையை எப்படிப் பிடிப்பது என்றுகூட எல்லப்பனுக்குத் தெரியாது. புடவை விற்கிறவன் புடவையா கட்டிக்கொள்கிறான்?

அவன் குறையெல்லாம் வேறு. பெண்டாட்டி சிட்டம்மாள் இதைத் தொழில் என்று ஒத்துக்கொள்ளவே இல்லை. கூலிக்குப் போவதுதான் தொழில், காகிதம் விற்பது சோம்பேறித்தனம் என்பாள். முதலாளியிடம் இல்லாத ஒரே அட்டை ஒரு வெள்ளைக்கார விக்கெட் கீப்பர். வாலாஜாபாத்தில் அதை வைத்திருந்தவன் சொன்ன விலைக்காக அவள் வளர்த்த ஆட்டையே விற்றபோது, சோறு போட்டாளே தவிர முகம் கொடுத்துப் பேசவில்லை. தீபாவளிக்குள் ஆடு திரும்பி வரும், நீயே இதைத் தொழில் என்பாய் என்று அவன் சத்தியம் செய்தான்.

ஆயுத பூசையன்று முதலாளியே வந்து வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு. பொரி வாங்கப் போன எல்லப்பன் திரும்பி வந்தால், அரிவாளும் மண்வெட்டியும் கூடையும் பூசையில் வரிசையாக இருந்தன. நடுவில் வாழையிலைமேல் விக்கெட் கீப்பர். நெற்றியில் பட்டை விபூதி, கன்னமெல்லாம் மஞ்சள், காலணா அகலத்துக்குக் குங்குமம். பழநிக்குப் போய் வந்தவன் மாதிரி இருந்தான் வெள்ளைக்காரன்.

எல்லப்பன் திட்ட வாயைத் திறந்தான். சிட்டம்மாள் தலைக்குக் குளித்துக் கற்பூரத்தோடு நின்றாள்.

"இன்னா இருந்தாலும் உன் தொயிலு. அத்த மட்டும் வுட்டுட்டு சாமி கும்புட்டா நல்லாவா கீது?"

திட்ட வந்தவன் பொரியை இலையோரம் வைத்தான். இந்த ஒரு வார்த்தைக்குத்தான் அவன் இத்தனை நாளாகக் கெஞ்சினான். அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

முதலாளி வந்தார், பார்த்தார், தலையில் கை வைத்துக்கொண்டார். தண்ணீர் தொட்டுத் துடைத்துக் கொடுத்தால் பாதி விலையாவது தருவதாகச் சொன்னார். பாதி விலைக்கே ஆடு திரும்பிவிடும். ஆனால் சிட்டம்மாள் அந்தப் படத்தின் முன்னால் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"மன்னிச்சிக்கங்க மொதலாளி. பூசையில வச்ச ஆயுதத்த இன்னிக்கி எடுக்கக் கூடாது" என்றான் எல்லப்பன்.

அவரும் அன்று பூசைக்காக மில்லையே நிறுத்திவைத்திருந்தவர். அந்த அட்டையைக் காஞ்சிபுரத்தில் வேறு யாரிடமாவது வாங்கிக்கொள்வதாக முணுமுணுத்துவிட்டுப் போனார்.

மில்காரரையே வாசலோடு திருப்பி அனுப்புகிற வியாபாரியா தன் புருஷன் என்று சிட்டம்மாளுக்குப் பெருமை பிடிபடவில்லை. காதுக் கம்மலைக் கழற்றி அவன் கையில் வைத்தாள்.

"இத்தயும் வித்து இன்னும் நாலு படம் வாங்கிப் போடுய்யா."

எல்லப்பன் அவசரமாகக் கம்மலை அவள் காதிலேயே மாட்டிவிட்டான்.

"போட்டுக்கினு இரு. தொயிலு நல்லாத்தான் நடக்குது."