திருப்பி ஓட்டிய அடி

அகுஸ்தேன் தர வேண்டியிருந்தது நான்கு கோடியே இருபத்து மூன்று லட்சத்து ஐம்பதாயிரம் தோங். கோடி என்றதும் வாயைப் பிளக்க வேண்டாம். சைகோனில் அந்தக் காசுக்கு ஒரு நல்ல மோட்டார் சைக்கிள் வரும், அவ்வளவுதான். மகள் ஜூலியேத்தை ஊடகப் படிப்பில் சேர்க்க வாங்கிய கடன் அது. கான் ஹொய் துறைமுகக் கிடங்குகளில் மூட்டை தூக்குகிறவனுக்கு வங்கியா கொடுக்கும்? வட்டிக்காரன் கொடுத்தான்.

வசூலுக்கு வந்தவன் ரேமோன். அவனும் அகுஸ்தேன் மாதிரியே காரைக்காலிலிருந்து வந்த குடும்பம்தான். பன்னிரண்டு வருஷம் அகுஸ்தேனோடு ஒரே கூட்டத்தில் மூட்டை சுமந்தவன். முதுகு விட்டுப்போனதும் வட்டிக்காரனிடம் சேர்ந்துகொண்டான். முதல் தவணை தவறியதும் சிவப்புச் சாயத்தை வாளியோடு கொண்டுவந்து கதவில் வீசினான். அதோடு விடவில்லை. அகுஸ்தேனை வெளியே இழுத்து, சந்து முழுக்கப் பார்க்க, வாயிலேயே குத்தினான். இரண்டு பல் போயிற்று. விழுந்தவனை விலாவில் உதைத்தான். மாடி ஜன்னலிலிருந்து ஜூலியேத் எல்லாவற்றையும் போனில் பிடித்துவிட்டாள்.

கல்லூரியில் அந்தப் பருவத்துக்கு அவள் ஒரு பாட்டுக்குப் படம் எடுத்துக் கொடுக்க வேண்டும். கூடப் படிக்கிறவர்கள் போட்ட மெட்டு தயாராக இருந்தது. அந்த மெட்டுக்கு இந்த அடியைக் கோத்தாள். ஆனால் பின்னாலிருந்து முன்னால் ஓடவிட்டாள். உதைத்த கால் விலகிப் போகிறது. மண்ணில் கிடந்தவன் எழுகிறான். ரேமோனின் முஷ்டி வாயைத் தொட்டுவிட்டு விலகுகிறது, வாய் முழுசாகிறது. கடைசியில் கதவுச் சாயம் முழுக்க வாளிக்குள் போய் விழ, ரேமோன் வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னுக்கு நடந்தே சந்தை விட்டுப் போகிறான்.

படத்தோடு விளக்கமும் எழுத வேண்டுமாம். சோறு தின்னும்போது அப்பனுக்கு அதைச் சொன்னாள். ஒரு காட்சிக்குத் தனியாக அர்த்தம் கிடையாது, அதற்கு முன்னே பின்னே எது வருகிறதோ அதுதான் அர்த்தம் கொடுக்கும் என்று வாத்தியார் சொன்னாராம். ஒருவன் பலசாலியாகத் தெரிவதும் அப்படித்தானாம், காட்டுகிற வரிசையில் இருக்கிறது. அகுஸ்தேனுக்கு இது புதிதல்ல. கப்பலில் கடைசியாக ஏற்றியதுதான் முதலில் இறங்கும். வரிசை மாறினால் சரக்கு சாயும், ஆளைக் கொல்லும்.

வகுப்பில் நல்ல மதிப்பெண். ஆனால் படம் வகுப்போடு நிற்கவில்லை, போனுக்குப் போன் தாவிச் சந்துக்கு வந்தது. ரேமோன் வந்தால் ஜனங்கள் பின்னுக்கு நடந்து காட்டினார்கள். காப்பி விற்கிறவள்கூட, சாயத்தை எடுத்துப் போக வந்தாயா என்று கேட்டாள். பயந்தவன்தானே காசு கொடுப்பான்? ஒரு மாதத்தில் வசூல் படுத்துவிட்டது. வட்டிக்காரன் சிரித்துவிட்டு, அகுஸ்தேன் கடன் இனி உன் தலையில், அவனிடம் வாங்கு இல்லை நீ கட்டு என்று கடன் சீட்டை ரேமோனின் கையிலேயே கொடுத்துவிட்டான்.

மறுநாள் மதியம் ரேமோன் பெரிய ஸ்பானரோடு வந்தான். கதவை உதைத்த வேகத்தில் கீல் பெயர்ந்தது. அகுஸ்தேன் எழுவதற்குள் முழங்காலில் ஒன்று விழுந்தது, தலையில் ஒன்று. ரத்தம் கண்ணை மூடியது. அவனைத் தரதரவென்று வாசற்படிக்கு இழுத்து, மூட்டைக் கொக்கி பிடிக்கிற வலது கையைப் படியில் வைத்து மிதித்துக்கொண்டான் ரேமோன்.

"என் பொழப்ப சிரிப்பா சிரிக்க வச்சிட்டியேடா. எடு காச."

காசு இல்லை. ஸ்பானர் இறங்கியது. ஒரு விரல் சுள்ளி மாதிரி ஒடிந்தது. மகள் கத்திக்கொண்டு ஓடி வந்தாள். கிட்டே வராதே என்று அகுஸ்தேன் தலையை ஆட்டினான். அவள் மாடிப்படியிலேயே நின்றுவிட்டாள். இரண்டாவது விரல். மூன்றாவதில் அகுஸ்தேனுக்குக் கத்தவும் குரல் வரவில்லை.

நான்காவதுக்கு ஓங்கினபோதுதான் ரேமோன் நிமிர்ந்து பார்த்தான். அவள் கையில் போன். இரண்டாவது விரலிலிருந்தே எல்லாம் அதில் பதிந்திருந்தது.

"இதையும் பின்னாலேர்ந்து ஓட்டுவியா?" என்று இளித்தான்.

"இல்ல மாமா. இத நேரா ஓட்டுவேன்."

ஓங்கிய ஸ்பானர் அப்படியே நின்றது. நேராக ஓடினால் பாட்டும் இல்லை, சிரிப்பும் இல்லை. ஒருத்தன் இன்னொருத்தன் கையை உடைக்கிறான், முகம் தெளிவாகத் தெரிகிறது. போலீஸுக்கு அது போதும். போலீஸ் தேடுகிறவனை வட்டிக்காரனும் சேர்க்க மாட்டான். அழித்துவிடு என்று கேட்டான் ரேமோன். மாட்டேன், நீ இந்தப் பக்கம் வராத வரைக்கும் யாருக்கும் காட்ட மாட்டேன் என்றாள். முதலில் சீட்டைக் கொடு என்றாள்.

ரேமோன் மிதித்திருந்த காலை எடுத்தான். பிறகு சட்டைப் பையிலிருந்து கடன் சீட்டை எடுத்து, அகுஸ்தேனின் இடது கையில் திணித்தான். "தீந்துது போ," என்று சொல்லிவிட்டு நடந்தான். போன் அதையும் பிடித்தது. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள், ஆனால் மூன்று விரலும் இனி மடங்காது என்றார்கள். கொக்கி பிடிக்க முடியாது. வீட்டுக்கு வந்ததும் சீட்டை அடுப்பில் போட்டு எரித்தார்கள். அப்புறம் அகுஸ்தேன் மகளிடம் ஒரே ஒரு ஆசையைச் சொன்னான். இந்தப் புதுப் படத்தை ஒருதரம் திருப்பி ஓட்டிக் காட்டு, விரல் நேராகிறதைப் பார்க்கணும்.

ஓட்டினாள். ரேமோன் பின்னுக்கு நடந்து வந்து குனிந்தான். அகுஸ்தேனின் இடது கையிலிருந்து சீட்டு மெல்லக் கிளம்பி, ரேமோனின் சட்டைப் பைக்குள் போகத் தொடங்கியது.

"நிறுத்தும்மா," என்றான் அகுஸ்தேன். "விரல் இப்படியே இருக்கட்டும்."